"கையை எடுங்க மாப்பிள்ளை!" - லாரி இன்ஜெக்டரை வீட்டில் கழற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை | வாசல் வண்டி - 11

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையை ஒட்டிய ஒரு கிராமம். திங்கட்கிழமை மாலை. வீட்டு வாசலில் வேப்பமரத்துக்குக் கீழே பத்து சக்கர லாரி ஒன்று நிற்கிறது. இரண்டு நாளாகப் பிரித்துப் போட்டிருந்த எஞ்ஜின் அப்போதுதான் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. வாசலில் நின்றிருந்த எல்லோர் முகத்திலும் சிரிப்பு.

நான்காவது சிலிண்டருக்குப் போகும் பைப் பக்கம் மட்டும் லேசாக ஏதோ பனி மாதிரி தெரிகிறது. எங்கே கசிகிறது என்று பார்க்க, லாரியின் உரிமையாளரும் ஓட்டுநருமான அவர் பைப்பைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டுகிறார்.

"கையை எடுங்க மாப்பிள்ளை!"

கத்தியது அவருடைய மாமனார். முப்பது வருடம் டீசல் பம்ப் பட்டறையில் வேலை பார்த்தவர். அடுத்த நொடி அவரே சாவியைத் திருகி எஞ்ஜினை அணைத்துவிட்டு, தன் இடது கையைத் தூக்கிக் காட்டுகிறார். ஆள்காட்டி விரலில் பாதிதான் இருக்கிறது.

அந்த விரலின் கதைக்குப் பிறகு வருவோம். அதற்கு முன், இந்த லாரி ஏன் வாசலில் பிரிந்து கிடந்தது என்பதைப் பார்த்துவிடலாம்.

மிஸ்ஸிங் அடித்த வண்டி

சொந்தமாக ஒரே ஒரு லாரி வைத்து, அதைத் தானே ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு வண்டி ஓடினால்தான் மாதம் ஓடும். டியூ, இன்ஷூரன்ஸ், எஃப்.சி., டயர் என்று செலவு வரிசையில் நிற்கும். இவருக்கு மக்காச்சோள லோடுதான் வழக்கம். செவ்வாய் இரவு அடுத்த லோடு ஏற்ற வேண்டும். சனிக்கிழமை வீடு திரும்பும்போதே வண்டி மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்துவிட்டது. மேட்டில் இழுவை இல்லை. ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை, கொஞ்சம் மிதித்தால் கறுப்புப் புகை. கூடவே டக் டக் என்று ஒரு தட்டல் சத்தம்.

"பட்டறையில விட்டா வரிசையில நிக்கணும். கழட்டுற வேலையை நானே பார்த்துட்டா, நாசிலை மட்டும் கொண்டுபோய் டெஸ்ட் பண்ணிட்டு வந்துடலாம்" என்பது அவர் கணக்கு. "ஏனுங்க, தெரியாத வேலையில கை வைக்காதீங்க. அப்பாவை வரச் சொல்றேன்" என்றார் மனைவி. அப்படித்தான் மாமனார் வந்து சேர்ந்தார்.

இன்ஜெக்டர் என்ன வேலை செய்கிறது?

டீசல் எஞ்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை நெருக்கினால் அது தானாகவே கொதிக்கும் சூடாகிறது. அந்தச் சூட்டுக்குள் டீசலைப் புகைபோலப் பீய்ச்சினால் உடனே பற்றிக்கொள்ளும். பீய்ச்சும் வேலையைச் செய்வதுதான் இன்ஜெக்டர். பட்டறை மொழியில் நாசில். தொடக்கக் காலத்தில் டீசல் எஞ்ஜின்களுக்குள் எரிபொருளைத் தள்ளத் தனியே ஒரு காற்று கம்ப்ரஸர் வேண்டியிருந்தது. 1927-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் இன்ஜெக்‌ஷன் பம்புகளைத் தொடர்ச்சியாகத் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் டீசல் எஞ்ஜின் லாரிக்குள் வசதியாக உட்கார்ந்தது. அதே நிறுவனம் 1951-ல் பெங்களூரில் தொடங்கியதுதான் மைக்கோ. பெயர் மாறிப் பல வருடம் ஆகியும் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னமும் 'மைக்கோ பம்ப்' என்றுதான் சொல்வார்கள்.

நாசிலுக்குள் இருக்கும் ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் இடையில் உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். நம் தலைமுடியின் தடிமன் அதைப்போலப் பல மடங்கு. ஒரு சின்னத் தூசி போதும், ஊசி மாட்டிக்கொள்ளும். அப்போது டீசல் பீய்ச்சுவதற்குப் பதிலாகச் சொட்டும். சொட்டுகிற டீசல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் பிஸ்டனில் ஓட்டை விழும் அளவுக்குப் போய்விடலாம். 'அடுத்த லோடு முடிச்சுட்டுப் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடக் கூடாத வேலை இது.

எந்த வண்டியில் கை வைக்கலாம்?

முதல் கேள்வியே இதுதான். இவருடைய லாரியில் இருப்பது ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் பி சீரிஸ் எஞ்ஜின். பழைய மெக்கானிக்கல் பம்ப் வகை. இதில் இன்ஜெக்டருக்கு ஒயர் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. பம்ப் தள்ளும் டீசலின் அழுத்தம் 200 பாருக்கு மேல் போனதும் ஊசி தானாகத் தூக்கிக்கொண்டு பீய்ச்சும். அவ்வளவுதான்.

2017 ஏப்ரலில் பி.எஸ் 4, 2020 ஏப்ரலில் பி.எஸ் 6 விதிகள் நாடு முழுக்க வந்தன. புதிய லாரிகள் காமன் ரெயில் முறைக்கு மாறிவிட்டன. அதில் அழுத்தம் 1,600 பார், 2,000 பார் என்று போகும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: கார் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 2 பார். தவிர, பல காமன் ரெயில் இன்ஜெக்டர்களுக்குத் தனித்தனி கோடு எண் உண்டு. புது இன்ஜெக்டரை மாட்டினால் அந்த எண்ணை வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். எனவே காமன் ரெயில் வண்டி என்றால் வாசலில் வைத்துப் பிரிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். சர்வீஸ் சென்டர்தான் அதற்கு இடம்.

எந்த நாசிலில் கோளாறு?

பழைய வண்டிகளில் மெக்கானிக்குகள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். எஞ்ஜின் ஐடிலில் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்துவார்கள். நன்றாக வேலை செய்யும் சிலிண்டர் என்றால் எஞ்ஜின் சத்தம் உடனே தடுமாறும். எதைத் தளர்த்தினாலும் மாற்றமே இல்லையோ, அதுதான் படுத்துக்கொண்ட சிலிண்டர். அனுபவம் உள்ளவர் கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு, நட்டின் மேல் தடிமனான துணியைச் சுற்றிச் செய்யும் வேலை இது. காமன் ரெயில் எஞ்ஜினில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது.

தொடாமலே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. தூரத்திலிருந்து சூட்டைக் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு வாய்க்கும் நேராகக் காட்டினால், எரியாத சிலிண்டர் மட்டும் சூடு குறைவாகத் தெரியும். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்ட வாங்கிய கருவியைத் தூக்கிக்கொண்டு வந்த பேத்தியிடம், "இது உடம்புச் சூட்டை மட்டுந்தான் காட்டும் கண்ணு. எஞ்ஜின் சூட்டுக்கு வேற மெஷின் வேணும்" என்று சிரித்தார் தாத்தா. கடைசியில் பழைய முறைப்படி அவரே பார்த்தார். நான்காவது சிலிண்டர்.

கழற்றும் வேலை, வரிசையாக

சனிக்கிழமை இரவே இரண்டு வேலை முடிந்தது. எஞ்ஜின் நன்றாக ஆறியதும் மேல் பகுதி முழுக்கத் துடைத்துச் சுத்தம் செய்தார்கள். பாதிக் கோளாறு பிரிக்கும்போது உள்ளே விழும் மண்ணால்தான் வருகிறது என்பது மாமனாரின் அனுபவம். பிறகு துரு இளக்கும் ஸ்ப்ரேயை இன்ஜெக்டர் நட்டுகளைச் சுற்றி அடித்து ராத்திரி முழுக்க ஊற விட்டார்கள்.

ஞாயிறு காலை. டயர்களுக்கு முட்டுக்கட்டை, ஹேண்ட் பிரேக், பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுதல். அதன் பிறகுதான் ஸ்பேனர் கைக்கு வந்தது.

முதலில் பம்பிலிருந்து இன்ஜெக்டருக்கு வரும் ஆறு இரும்பு பைப்புகள். எந்த பைப் எந்தச் சிலிண்டர் என்று எண் எழுதி ஒட்டினார் பேத்தி. செல்போனில் போட்டோவும் எடுத்துக்கொண்டார். பைப்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கிளாம்புகளை விட்டுவிடாமல் எடுத்து வைக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது கிளாம்ப் இல்லாவிட்டால் பைப் அதிர்ந்து அதிர்ந்து வெடிப்பு விடும். பம்ப் பக்க நட்டைத் திருகும்போது, அதற்குக் கீழே இருக்கும் ஹோல்டர் கூடவே சுற்றாமல் இருக்க இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பைப்பைக் கழற்றியதும் திறந்திருக்கும் எல்லா வாய்களையும் உடனே மூட வேண்டும். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். காட்டன் வேஸ்ட்டை அடைத்துவிடுவார்கள். அதன் நூல் உள்ளே போனால் நாசில் காலி. பிளாஸ்டிக் மூடி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சுத்தமான பாலிதீனைச் சுற்றி ரப்பர் பேண்டு போடலாம்.

அடுத்து, மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன். இதன் போல்ட்டுகள் சின்னவை. அவற்றின் இரண்டு பக்கமும் இருக்கும் வாஷர்கள் அதைவிடச் சின்னவை. ஒரு எவர்சில்வர் தட்டு எடுத்து வந்து, "இதுல போடுங்க, மண்ணுல போட்டுட்டு அப்புறம் என்னைத் தேடச் சொல்லாதீங்க" என்றார் மனைவி.

இப்போது இன்ஜெக்டர். இந்த எஞ்ஜினில் அதை ஹெட்டோடு பிடித்திருப்பது 24 எம்.எம் நட்டு. அதைத் திருகும்போது துருவின் பிடியால் இன்ஜெக்டரும் சேர்ந்து சுற்றப் பார்க்கும். அப்படிச் சுற்றினால் ஹெட்டில் அது உட்காரும் இடமே கெட்டுப்போகும். அதனால் முதலில் பித்தளைக் கம்பியை வைத்து லேசாகத் தட்டித் துருவை உடைத்தார் மாமனார். பிறகு இன்ஜெக்டரின் உடம்பை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டைத் தளர்த்தினார்கள். ஐந்து வந்துவிட்டன. நான்காவது மட்டும் வரவில்லை.

மாப்பிள்ளை பெரிய ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தார். "நெம்பக் கூடாதுங்க மாப்பிள்ளை. ஹெட்டு போயிடும். இன்னும் கொஞ்சம் ஊற விடலாம்" என்றார் மாமனார். மறுபடி ஸ்ப்ரே, அரை மணி நேரம் காத்திருப்பு, ஒரு டீ. அதன் பிறகு ஸ்லைடு ஹேமரை மாட்டி, நேராக மேல்நோக்கி நான்கு தட்டு. வந்துவிட்டது.

அந்தச் செம்பு வாஷர் எங்கே?

இன்ஜெக்டரின் நுனியில் செம்பு வாஷர் ஒன்று இருக்கும். சிலிண்டருக்குள் எரியும் வாயு மேலே வராமல் அடைப்பது அதுதான். இன்ஜெக்டரை எடுக்கும்போது சில சமயம் இது துளையின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கவனிக்காமல் புது வாஷரையும் போட்டுப் பூட்டினால் இரண்டு வாஷர் ஆகிவிடும். நாசிலின் நுனி இருக்க வேண்டிய இடத்தைவிட மேலே நிற்கும். டீசல் தப்பான இடத்தில் பீய்ச்சும். புகையும் போகாது, இழுவையும் வராது. 'நாசில் மாத்தியும் சரியாகல' என்று புலம்புகிறவர்களில் சிலருடைய கதை இதுதான்.

ஆறு இன்ஜெக்டர் என்றால் தட்டில் ஆறு வாஷர் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தார் பேத்தி. ஐந்துதான். டார்ச் அடித்துப் பார்த்தால், நான்காவது துளையின் அடியில் ஆறாவது வாஷர் மினுங்கிக்கொண்டிருந்தது. அதை வளைந்த கம்பியால் பக்குவமாக எடுத்தார்கள். உடனே துளைகளை மூடியும் வைத்தார்கள். ஒரு சின்ன நட்டு உள்ளே விழுந்தாலும் ஹெட்டையே இறக்க வேண்டி வரும்.

வீட்டு வேலை இதோடு முடிகிறது

கழற்றுவது மட்டும்தான் வாசல் வேலை. நாசிலைச் சோதிப்பது பம்ப் பட்டறையின் வேலை. எந்த அழுத்தத்தில் ஊசி திறக்கிறது, எல்லாத் துளையிலும் சமமாகப் பீய்ச்சுகிறதா, திறக்கும் முன்பே சொட்டுகிறதா என்பதையெல்லாம் டெஸ்டிங் மெஷினில் மாட்டித்தான் பார்க்க முடியும். அதுவரை நாசில் நுனியை இரும்பு பிரஷ்ஷால் தேய்க்கவோ, துளைகளில் குண்டூசி விடவோ கூடாது. ஒவ்வொன்றையும் எண் போட்டுச் சுத்தமான துணியில் சுற்றி எடுத்துப் போனால் போதும்.

திங்கட்கிழமை மதியத்துக்குள் விடை கிடைத்தது. நான்காவது நாசில் சொட்டுகிறது, இன்னொன்றில் திறக்கும் அழுத்தம் குறைந்திருக்கிறது. இரண்டுக்கும் நாசில் மாற்றி, ஆறையும் ஒரே அளவுக்கு செட் செய்து கொடுத்தார்கள்.

பூட்டும்போது ஆறு புது செம்பு வாஷர். நட்டின் மரையில் பிடிப்பு வராமல் இருக்கும் பேஸ்ட். கைப்பலத்தை நம்பாமல் டார்க் ரெஞ்ச். இந்த எஞ்ஜினுக்கு இன்ஜெக்டர் நட்டின் இறுக்கம் 60 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஹேண்ட் பம்பை அடித்து ஏர் எடுத்தார்கள். ஸ்டார்ட்டரை விடாமல் பிடித்துச் சுற்றாமல், இடையிடையே இரண்டு நிமிடம் ஆற விட்டுச் சுற்றினார்கள். நான்காவது முயற்சியில் எஞ்ஜின் பிடித்தது.

அப்போதுதான் அந்தக் கை நீண்டது.

பாதி விரலின் கதை

மாமனாருக்கு அப்போது முப்பது வயது இருக்கும். டெஸ்டிங் மெஷினில் நாசிலை மாட்டி லீவரை அடித்தபோது, இடது கை ஆள்காட்டி விரல் நுனி குறுக்கே வந்துவிட்டது. "முள்ளு குத்துன மாதிரிதான் இருந்துச்சு. ரத்தம்கூட வரலை. துணியால துடைச்சுட்டு வேலையைப் பார்த்தேன்" என்கிறார். மாலையில் விரல் வீங்கியது. வீட்டில் மஞ்சள் பற்றுப் போட்டார்கள். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. மறுநாள் மருத்துவமனைக்குப் போனபோது விரல் நிறம் மாறியிருந்தது. பாதியை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அழுத்தத்தோடு பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். இதற்குச் சுமார் 7 பார் அழுத்தமே போதும். இன்ஜெக்டரில் இருப்பது அதைப்போலப் பல மடங்கு. வெளியே ஊசி முனை அளவு புள்ளிதான் தெரியும். ஆரம்பத்தில் வலியும் பெரிதாக இருக்காது. ஆனால், உள்ளே போன டீசல் விரலின் தசைநார் உறை வழியாக உள்ளங்கை வரை பரவும். தசையை அரிக்கும். வீக்கம் ரத்த ஓட்டத்தை நெருக்கும். அறுவை சிகிச்சை அரங்கில் கையைத் திறந்து சுத்தம் செய்வதுதான் பெரும்பாலும் தீர்வு. ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் விரலுக்கு ஆபத்து.

இப்படி நடந்துவிட்டால்...

* காயம் சின்னதாக இருக்கிறது, வலி இல்லை என்று காத்திருக்க வேண்டாம். உடனே அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். 108-ஐ அழைக்கலாம்.
* 'டீசல் குத்திவிட்டது' என்று மட்டும் சொன்னால் சாதாரணக் காயமாக எடுத்துக்கொள்ளக்கூடும். 'அதிக அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் போயிருக்கிறது, இத்தனை மணிக்கு நடந்தது' என்று தெளிவாகச் சொல்லுங்கள்.
* மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். கையை உயர்த்திப் பிடியுங்கள். பிழியவோ அமுக்கவோ கூடாது. மஞ்சள், சுண்ணாம்பு, ஐஸ் எதுவும் வேண்டாம்.
* அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் மருத்துவர் பார்க்கும் வரை எதுவும் சாப்பிடாமல் இருப்பது நல்லது.

வாசல் என்பது பட்டறை அல்ல

வீட்டில் செய்யும் வேலை என்பதால் இன்னும் சில கவனங்கள் வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட், விளக்கு, அடுப்பு எதுவும் கூடாது. குழந்தைகள் தள்ளி நிற்கட்டும். வேலை முடிந்து டீசலில் கை கழுவும் பழக்கம் நம் ஊரில் உண்டு. தோலுக்குக் கேடு. சோப்புதான் சரி. டீசல் நனைந்த உடையை மற்றத் துணிகளோடு ஊற வைக்காதீர்கள். வழிந்த டீசலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல் கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கிணறும் போர்வெல்லும் பக்கத்திலேயே இருக்கின்றன.

திங்கட்கிழமை மாலைக்குத் திரும்புவோம். எஞ்ஜின் அணைந்திருக்கிறது. யாரும் பேசவில்லை. மாப்பிள்ளை தன் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஸ்டீயரிங் பிடிக்கும் கை.

"அப்போ கசிவை எப்படித்தான் கண்டுபிடிக்கிறது அப்புச்சி?" என்று கேட்டார் பேத்தி.

"வீட்டுல அட்டைப்பெட்டி இருக்குதா அம்மிணி?"

பழைய மிக்ஸி பெட்டியைக் கிழித்து ஒரு நீளமான அட்டையைக் கொண்டுவந்தார். கண்ணாடி போட்டுக்கொண்ட தாத்தா, எஞ்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, தூர நின்று அட்டையை நீட்டினார். நான்காவது பைப்பின் நட்டுக்கு நேராக வந்ததும் அட்டையில் ஈரப்புள்ளி விழுந்தது. எஞ்ஜினை அணைத்து, அழுத்தம் இறங்கிய பிறகு நட்டைக் கழற்றிப் பார்த்தால், பைப்பின் வாயில் ஒரு மண் துகள். துடைத்து, மறுபடி பூட்டி, மறுபடி அட்டை. இந்த முறை அட்டை காய்ந்தே இருந்தது.

செவ்வாய் இரவு லோடு ஏறியது. அந்த அட்டையை மனைவி குப்பையில் போடவில்லை. மடித்து, லாரி சீட்டுக்குப் பின்னால் டூல்ஸ் பையோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

(வண்டி ஓடும்...)